டப்பா சாரும் ஒரு பட்டாளத்துக்காரரும்

என்னை அதிர வைத்தவர்கள் பலர். ஆனால் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் நான் அதிர்ந்தது ஒரே ஒருவரிடம்தான். அவர் டப்பா சார்.

எழுபதுகளின் கடைசி. ஆண்டிமடத்தில் ஒரு வாடகை வீட்டில் கொக்கிப்புழு ஆராய்ச்சி ஆபீஸ் நடந்தது. அவர் விஞ்ஞானி, நான் டைப்பிஸ்ட். வேலைக்குச் சேர்ந்த அன்று உள்ளங்கையில் அடங்கும் தகர டப்பா ஒன்றை நீட்டினார். மூக்குப்பொடி என்று நினைத்து, பழக்கமில்லை சார் என்றேன். காலையில் எழுந்ததும் 'வெளிக்குப் போய்' இதில் கொஞ்சம் எடுத்து வரவேண்டும் என்று சாதாரணமாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஓராண்டு வரை அவர் கண்ணில் அந்த டப்பா படாமல் பார்த்துக்கொண்டேன்.

மனிதருக்கு அருவருப்பு என்ற ஒன்றே கிடையாது. மைக்ராஸ்கோப்பில் ஒரு கண், தயிர்சாதத்தில் ஒரு கை. முந்திரிக்காட்டில் செருப்பில்லாமல் அலைவார். ஜனங்கள் ஒதுங்குகிற காடு அது. மண்ணில் கிடக்கும் புழு அவர்கள் பாதத்தைத் துளைத்துக்கொண்டு ஏறிக் குடலில் தொங்கி ரத்தம் குடிக்கிறது என்பது அவர் கட்சி. அதற்கு அவர் காட்டுகிற சாட்சி பச்சையம்மா. பக்கத்துக் கிராமத்தில் முந்திரிக்கொட்டை உடைப்பவள், இரண்டு பிள்ளைக்காரி. முகம் சுண்ணாம்பாய் வெளுத்து, பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவாள்.

அந்தக் கிராமத்தில் புழு இருப்பதாக ரிப்போர்ட் போனால்தான் மாத்திரை வரும், இல்லையென்றால் ஆபீஸையே மூடிவிடுவோம் என்று தலைமை அலுவலகம் எழுதிவிட்டது. வீட்டுக்கு ஒன்றாக நாற்பது டப்பா கொடுத்தோம். நான்கே நாளில் நாற்பதும் திரும்பி வந்தன. ஒன்றில்கூடப் புழு முட்டை இல்லை. பச்சையம்மா டப்பாவிலும் இல்லை.

டப்பா சார் அன்று தயிர்சாதத்தைத் தொடவில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தார். திடீரென்று நிமிர்ந்து, "ஏம்ப்பா, நாப்பது வூட்லயுமா கொய்யாப்பழம் தின்னுருப்பாங்க?" என்றார். நாற்பதிலும் கொய்யா விதை இருந்ததாம்.

கிராமத்துக்குப் போய் விசாரித்தோம். விஷயம் இதுதான். சர்க்காருக்கு ஒன்று கொடுப்பதென்றால் ஊரில் இருப்பதிலேயே நல்லதாகக் கொடுப்பது அவர்கள் வழக்கம். ஊர் கூடிப் பேசி, உடம்பு திடமான ஆள் என்று பென்ஷன் வாங்கும் பட்டாளத்துக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். காட்டுக்குக்கூட பூட்ஸ் போட்டுக்கொண்டு போகிறவர் அவர். மூன்று நாள் கொய்யாப்பழமாகத் தின்று தனியாளாகப் பாடுபட்டு நாற்பதையும் நிரப்பியிருக்கிறார். "கேவலமா ஒண்ணு குடுத்து ஊரு மானத்த வாங்கலாமாங்க?" என்று அவர் விறைப்பாக நின்று கேட்டார்.

புது டப்பா கொடுத்தால் யாரும் வாங்கவில்லை. வயிற்றில் புழு என்று வெளியே தெரிந்தால் அசிங்கமாம். பச்சையம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆபீஸுக்குள் டப்பா சார் பெண்ணுக்கு வரன் அமைந்தவர்போல ஓடிவந்தார். "எனக்கும் இருக்குய்யா!" காட்டில் வெறுங்காலோடு அலைந்ததில் அவர் வயிற்றிலும் கொக்கிப்புழு. இதற்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று மறுபடி அதிர்ந்தேன். அடுத்த டவுன் பஸ்ஸில் மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கிராமத்து டீக்கடை பெஞ்சில் அதை வைத்தார். பக்கத்தில் தன் பெயர் எழுதி ஒட்டிய டப்பா. கடைக்காரர் வடைத்தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"இது என்னுதுங்க. வந்து பாருங்க," என்றார்.

ஊரே வரிசையில் நின்று விஞ்ஞானியின் வயிற்றைப் பார்த்தது. பச்சையம்மா பார்த்துவிட்டு மூச்சு வாங்க நிமிர்ந்தாள். "சாருக்கே இருக்குதாம். எனக்கென்ன வெக்கம்? டப்பாவக் குடுங்க."

அந்த வாரம் எல்லா டப்பாவும் உண்மை பேசின. வெட்கத்தை விட்டு நானும் ஒன்று கொடுத்தேன். ரிப்போர்ட் போயிற்று, மாத்திரை வந்தது.

சில மாதம் கழித்து பச்சையம்மா வழியில் எங்கும் உட்காராமல் ஆபீஸுக்கு நடந்தே வந்தாள். முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. வறுத்த முந்திரிப்பருப்பை சாரிடம் கொடுத்தாள். அவள் பெயர் ஒட்டிய அதே டப்பாவில்.

"நல்லா கழுவித்தான் கொண்டாந்தேன் சார்."

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். டப்பா சார் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு டப்பாவை என் பக்கம் நீட்டினார்.

நானும் ஒன்று எடுத்துத் தின்றேன். அவர் நீட்டினால் இன்றைக்கும் தின்பேன்.