கிழமை தெரிந்த ஆலாக்கள்

அன்பும் மதிப்பும் நிறைந்த அத்தைக்கு,

இந்தத் தீவில் நான், அப்பா, அம்மா, மூவாயிரம் ஆலாப் பறவைகள் அனைவரும் நலம். அங்கே உங்கள் நலமும் மாமாவின் முட்டிவலியின் நிலவரமும் அறிய ஆவல். போர்வைக்குள் டார்ச் பிடித்து எழுதுவதால் வரிகள் கோணலாகத்தான் வரும்.

அத்தை, நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அப்பாவின் ஆராய்ச்சியில் என் வேலை, விடிந்ததும் ஒரு மணி நேரம் வடக்குப் பாறையில் உட்கார்ந்து, மீனோடு கூடு திரும்பும் ஆலாக்களை எண்ணி நோட்டில் எழுதுவது. முதல் நாளே ஒன்று என் உச்சந்தலையில் கொத்தியது, இன்னொன்று அதே இடத்தில் எச்சமிட்டது. மறுநாளிலிருந்து பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மனதில் வந்த எண்ணை எழுதினேன். மனதில் வந்ததெல்லாம் நம்ம ஊர்தான். திங்களுக்கு நம் பஸ், நாற்பத்தேழு. செவ்வாய்க்கு உங்கள் வீட்டுக் கதவு எண், நூற்றுப்பன்னிரண்டு. புதனுக்கு என் வகுப்பில் இருப்பவர்கள். நான் இல்லாததால் ஒன்று குறைத்துக்கொண்டேன். ஞாயிறுக்கு உங்கள் மாடிப்படிகள், பதினெட்டு. அதில் உட்கார வைத்து நீங்கள் ஈரத்தலையில் சிக்கெடுப்பீர்கள், நான் தெருவே கேட்கக் கத்துவேன். எழுதும்போது நிஜமாகவே அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் வேறு எண் கிடைக்காமல் அந்தந்தக் கிழமைக்கு அதே எண்ணையே எழுதினேன். அதற்கடுத்த வாரமும். இப்படியே ஒன்பது வாரம்.

போன மாதம் நோட்டைப் புரட்டிய அப்பா கண் கலங்கிவிட்டார். "இதுங்களுக்குக் கிழமை தெரியுதும்மா. ஞாயித்துக்கிழமை லீவு எடுத்துக்குதுங்க" என்றார். உங்களுக்கே கிழமை தெரியாதே, அதுகளுக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டது அவர் காதில் ஏறவில்லை. உடனே தலைமை விஞ்ஞானிக்கு எழுதிப்போட்டார். இதைப் பார்க்க அவரே நாளைப் படகில் வருகிறார். நாளை ஞாயிறு. பதினெட்டுதான் வர வேண்டும் என்று ஆலாக்களிடம் யார் போய்ச் சொல்வது? அப்பா சட்டையெல்லாம் தேய்த்து மாட்டிவிட்டு, சிரித்த முகமாகத் தூங்குகிறார். நாளை அவர் மானம் போகப்போகிறது. அவர் கேட்பது உங்கள் பேச்சு ஒன்றைத்தான். உடனே வந்து அவரைச் சமாதானப்படுத்தி, என்னை ஊருக்குக் கூட்டிப்போய்விடுங்கள். இந்தக் கடிதமும் அதே படகில்தான் கிளம்பும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
அழுதுகொண்டே எழுதும் தங்கள் மருமகள்

பி.கு.: வர வேண்டாம், அத்தை. விம்மல் கேட்டு எழுந்த அப்பா எல்லாவற்றையும் படித்துவிட்டார். கடிதத்தை மடித்து என்னிடமே தந்தார். பிறகு, "அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். விடிஞ்சதும் நீ எண்ணு. நான் உனக்குக் குடை பிடிக்கிறேன்" என்றார். இங்கே இருப்பது ஒற்றைக் குடை. அப்பாவின் வழுக்கையை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.