சீல் விழாத காகிதம்

மனிதர்களில் சீல் பிரியர் என்று ஓர் இனம் உண்டு. வங்கியில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் அவர்தான். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் எழுத்தைப் படிக்கமாட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊதா மையைத் தேடுவார். வட்ட சீல் என்றால் முகம் மலரும், நீள சீல் என்றால் பாதி மலரும், ஒன்றுமே இல்லை என்றால், கைக்குழந்தையைத் திருஷ்டிப் பொட்டில்லாமல் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டதைப் போலப் பதறிப்போவார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "எதுக்கும் இருக்கட்டும்."

சங்கரன்கோவிலில் இந்த இனத்தின் தலைவர் இசக்கித்துரை அண்ணாச்சி. அவர் மனைவி பொன்செல்வி நைட்டி தைக்கிறார். கடைகளுக்கு மொத்தமாகப் போட்டுக்கொண்டிருந்தவர், இந்தத் தீபாவளிக்கு இணையத்தில் நேரடியாக விற்கலாம் என்று ஒரு விற்பனைத் தளத்தில் கணக்குத் தொடங்கினார். வங்கிக் கணக்கு அவருடையதுதானா என்று சான்று கேட்டார்கள். பாஸ்புக்கைப் படமெடுத்து அனுப்பினார். மங்கலாக இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். இன்னொரு முறை தவறினால் தீபாவளி கழித்துத்தான் விண்ணப்பிக்க முடியும். தைத்த நைட்டிகளோ கட்டிலை நிறைத்துவிட்டன. அண்ணாச்சிக்குப் படுக்கை தரையில்தான்.

பொன்செல்வி வங்கிச் செயலியிலிருந்து ஸ்டேட்மெண்டைப் போனில் இறக்கினார். பெயரும் எண்ணும் பளிச்சென்று இருந்தன. அனுப்ப வேண்டியதுதானே? அண்ணாச்சி விடுவாரா?

"ஏட்டி, இது வெறும் காயிதம். சீல் எங்க?"

"சீல் கேக்கலங்க. எழுத்து தெளிவா இருந்தாப் போதும்னுதான் போட்டிருக்கு."

"அப்படித்தான் சொல்லுவான். பொறவு திருப்பி அனுப்புவான். இம்புட்டு நைட்டியையும் நாம ரெண்டு பேருமா மாத்தி மாத்திப் போடுததுக்கு? நான் வாரதுக்குள்ள எதையும் அமுக்கிராத!"

பிரிண்ட் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். அதிகாரி எஸ்லின் காகிதத்தின் அடிவரியைத் தொட்டுக் காட்டினார்.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல வந்தது, சீலும் கையெழுத்தும் தேவையில்லன்னு இதுலயே போட்டிருக்கு பாருங்க."

"சரிதான் மேடம். அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு சீல் போட்டுட்டா உறுதியாயிரும்லா?"

பின்னால் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. எஸ்லின் போட்டார். அதோடு முடிந்ததா?

"பேரு மேல ஒண்ணு, நம்பர் மேல ஒண்ணு. சர்டிபிகேட்ல போட்டோ மேல விழும்லா, அது மாதிரி. அப்பந்தான் ஒருத்தனும் திருத்த முடியாது."

உண்மைதான். திருத்த முடியாது. படிக்கவும் முடியாது.

பொன்செல்வி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பெயரில் முதலெழுத்து மட்டும் உயிர் தப்பியிருந்தது. கணக்கு எண்ணை ஊதா மை முழுசாக விழுங்கியிருந்தது. "நல்லா அழுத்தமா விழுந்திருக்குங்க" என்று மட்டும் சொன்னார். அண்ணாச்சி கைகால் கழுவப் போன நேரத்தில், போனில் இருந்த சீல் விழாத ஸ்டேட்மெண்டை அனுப்பிவிட்டார்.

மறுநாளே செய்தி வந்தது: கணக்கு சரிபார்க்கப்பட்டது.

"பாத்தியாட்டி! சீல்னா சும்மாவா?"

"ஆமாங்க" என்றார் பொன்செல்வி, மிஷினை மிதித்தபடியே. கட்டில் காலியாக வேண்டும், வாதாட நேரமில்லை.

அந்தக் காகிதம் இப்போது லேமினேட் ஆகி பீரோவில் இருக்கிறது. யாரும் படிக்க முடியாத அதைக் கிழித்துப் போட வேண்டியதுதானே என்று தோன்றுகிறதா உங்களுக்கு? நல்லது, பிழைத்தீர்கள். எதற்கும் இருக்கட்டுமே என்று தோன்றினால், வாருங்கள். வரிசையில் அண்ணாச்சி உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்.