நடந்துகொண்டே இருந்த அக்கா

வீட்டில் ஒருவன் கம்ப்யூட்டர் படித்துவிட்டால், அதில் என்ன படித்தான் என்று யாரும் கேட்பதில்லை. டாக்டரிடம் போனால்கூடக் கண்ணுக்கா பல்லுக்கா என்று விசாரித்துவிட்டுத்தான் உட்காருகிறோம். கம்ப்யூட்டர்காரன் மட்டும் உச்சி முதல் உள்ளங்கால் வரை எல்லாவற்றுக்கும் வைத்தியர்.

நான் படித்தது சி ப்ளஸ் ப்ளஸ். நகரிக்குப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் திருப்பதிக்கு பஸ்ஸில் போய்வந்து படித்தேன். எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது பகா எண்ணா இல்லையா என்று திரையில் சொல்ல வைப்பேன். எங்கள் ஊரில் அந்தச் சந்தேகம் யாருக்கும் வந்ததில்லை. அதனால் என் திறமை பரிசோதிக்கப்படாமலேயே வளர்ந்தது. தெருவில் எனக்கு 'இன்ஜினீரு' என்று பெயர். நான் மறுக்கவில்லை (மறுத்தால் மரியாதைக் குறைவு, அவர்களுக்கு).

கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தது அக்கா. அவள் இங்கிலாந்தில் நர்ஸ். எங்கள் குடும்பத்தில் ரேணிகுண்டா விமான நிலையத்துக்கு வேடிக்கை பார்க்கப் போகாமல் விமானம் ஏறப் போன முதல் ஆள். திருப்பதிக் கடையில் அந்த மெஷினைப் பாகம் பாகமாகப் பொருத்தும்போது நான் பிடிவாதமாக இரண்டு டிரைவ் வைக்கச் சொன்னேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே உள்ளது சிடிக்கு, கீழே உள்ளது டிவிடிக்கு. எதற்கு இரண்டு என்று கடைக்காரர் கேட்டார். தேவைப்படும் என்றேன். உண்மையில், இரண்டு தட்டும் ஒரே சமயத்தில் வெளியே நீண்டால் பார்க்க கம்பீரமாக இருக்கும்.

அக்கா நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே அங்கே மேல்படிப்பும் முடித்தாள். பட்டமளிப்பு விழாவை டிவிடியில் பதிந்து அனுப்பினாள். அந்த டிஸ்க் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் நைனா (எங்கள் பக்கத்தில் அப்பாவுக்கு அதுதான் பெயர்) ஓர் உத்தரவு போட்டார்.

"எவனும் பாக்கக்கூடாது. எங்கண்ணன் வரட்டும். அவரு மொதல்ல பாக்கணும்."

பெரிய நைனா ராமகுப்பத்தில் பட்டுப்பூச்சி வளர்க்கிறவர். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் கரும்பை வெட்டியவர்கள். சொந்தமாக ஒரு துண்டு நிலமும் அதில் மாமரமும் வந்தது இந்த அண்ணன் தம்பி காலத்தில்தான். அந்த நிலத்தை அடமானம் வைத்து நைனா அக்காவை வெளிநாட்டுக்கு அனுப்பியபோது பெரிய நைனா எகிறிக் குதித்தார். பொம்பளைப் பிள்ளையைக் கண்ணுக்கு எட்டாத தேசத்துக்கு அனுப்புகிறவன் தன் தம்பியே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனவர், அதன்பிறகு எங்கள் வீட்டுப் படியேறவில்லை. நைனா ராமகுப்பத்துக்கே நேரில் போய்க் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவதாகவும் பதில் கிடைத்தது.

ஆக, நைனாவின் பல வருட மானம் அந்த வட்டத் தகட்டில் இருந்தது. அதை ஓட்டிக்காட்டும் பொறுப்பு இன்ஜினீரிடம் இருந்தது.

இன்ஜினீர் முதலில் டிஸ்க்கை மேல் டிரைவில் போட்டான். அரைநாள் காத்திருந்தான். (அது சிடி டிரைவ் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். அன்று அதைப் படிக்க எனக்கு வாய்ப்பில்லை.) பிறகு கீழ் டிரைவில் போட்டபோது, இதை ஓட்டுவதற்கான மென்பொருள் இல்லை என்று கம்ப்யூட்டர் மரியாதையாகத் தெரிவித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு டிரைவ் வாங்கியவன் அவற்றை ஓட்டும் பிளேயரை வாங்கவில்லை. வண்டிமாடு இல்லாமல் இரட்டை மாட்டு வண்டி வாங்கிய கதை.

திருப்பதிக்கு ஓடினேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை. பிளேயர் வேண்டும் என்றேன். "ஏ பிளேயரு காவாலி சார்? அன்னீ உன்னாயி," என்றார் கடைக்காரர். எல்லாம் இருக்கிறதாம். எது நல்லது என்று கேட்பது இன்ஜினீருக்கு அழகா? அதனால் எல்லாவற்றையும் ஒரே சிடியில் பதிந்து வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, அந்தச் சிடியை மேல் டிரைவில் போட்டு (ஒருவழியாக அதற்கும் வேலை வந்தது), முதலாவது பிளேயரை ஏற்றினேன். கீழ் டிரைவில் டிஸ்க் சுழன்றது. பெரிய மண்டபம், கறுப்பு அங்கி போட்ட வெள்ளைக்காரர்கள். உடனே நிறுத்திவிட்டேன். நைனாவின் உத்தரவை மீறக்கூடாது அல்லவா? என் வாழ்க்கையில் நான் கட்டுப்பாடாக இருந்த வெகுசில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் எல்லாம் கெட்டது.

டிஸ்க்கை அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. பெரிய நைனா நாற்காலியில், தோளில் துண்டோடு, மாமனார் வீட்டுக்கு முதல்முறை வந்தவர் மாதிரி விறைப்பாக இருந்தார். நைனா நாற்காலியின் பக்கத்தில் நின்றார். நான் டிஸ்க்கைப் போட்டேன். மண்டபம் வந்தது. அங்கிகள் வந்தன. ஒரு பெரியவர் பேசினார், இன்னொரு பெரியவர் பேசினார். எங்கள் ஊர் ஆண்டுவிழா மாதிரியேதான் இருக்கிறது என்று கூட்டத்துக்கு ஒரு நிம்மதி. பிறகு வரிசையாகப் பெயர் கூப்பிட்டார்கள். வரிசையின் கடைசியில் அக்கா. அங்கி, தொப்பி, நெற்றியில் பொட்டு. அம்மா அழ ஆரம்பித்தாள். அக்கா மேடைப் படியில் கால் வைத்தாள்.

அப்படியே நின்றாள். பிறகு சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்தாள்.

"சாஃப்ட்வேர் பத்தல," என்று அறிவித்தேன். எனக்கு ஒரு பதற்றமும் இல்லை, கையில்தான் அத்தனை பிளேயரும் இருக்கின்றனவே. இரண்டாவதை ஏற்றினேன். அது நீலநிறச் சட்டத்தோடு வந்தது. மண்டபம், பெரியவர், இன்னொரு பெரியவர், அக்கா, படி, கட்டங்கள். அடுத்தது வெள்ளி நிறம். அதற்கடுத்தது பாதிப் படத்தை மறைத்துக்கொண்டு தன்னை விலைக்கு வாங்கச் சொல்லிக் கெஞ்சியது. எதில் போட்டாலும் அக்கா படி வரைக்கும் வந்தாள். படி ஏறவில்லை. அந்த வெள்ளைக்காரப் பெரியவரின் பேச்சு எங்கள் தெருவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

"புள்ள நடந்துக்கினே கீது. எப்பதான் போய் சேரும்?" என்றார் பெரிய நைனா.

யாரோ சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. டெக்கோடர், வெர்ஷன் என்று நான் ஏதேதோ விளக்கினேன். இங்கிலாந்து டிஸ்க் இந்திய மின்சாரத்தில் ஓடத் தயங்கும் என்றுகூடச் சொன்ன ஞாபகம். பெரிய நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

கடைசி முயற்சியாகத் தட்டைத் திறந்து டிஸ்க்கைக் கையில் எடுத்தேன். அப்போது அம்மா குங்குமச் சிமிழோடு வந்து நின்றாள்.

"டேய், நா வெச்ச பொட்டு ஈஷிக்கினு கீதே. தொடச்சிட்டு வேற வெச்சித் தரட்டா?"

பளபளப்பான பக்கத்தில், சந்தனத்தின் மேல் குங்குமம். அழகான பொட்டு. ஓரத்தில் சற்றே வால் முளைத்திருந்தது. டிஸ்க்கைப் போடும்போதெல்லாம் நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், பொட்டாகப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பொட்டு இல்லாத சாமான் கிடையாது. பீரோ, கேஸ் சிலிண்டர், மாட்டின் நெற்றி, மானிட்டரின் நெற்றி. பொட்டை அழுக்கு என்று நினைக்கும் கண் எங்கள் யாருக்கும் இல்லை.

"ஏம்மா இந்தப் பக்கம் வெச்ச?"

"அதுலதான்டா மொகம் தெரியுது. மொகத்துக்குத்தான வெப்பாங்க."

எந்தப் பயிற்சி நிலையத்திலும் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.

நான் துடைக்கத் துணி தேடுவதற்குள் பெரிய நைனா தோளில் இருந்த துண்டை எடுத்து நீட்டினார். துடைத்தேன். போட்டேன். மண்டபம், பெரியவர், இன்னொரு பெரியவர் (இப்போது கூட்டமே அவரோடு சேர்ந்து தலையாட்டியது), அக்கா, படி. அக்கா ஏறினாள். ஒலிபெருக்கியில் பெயர் வந்தது: செல்வி முனுசாமி. அந்தப் பெரிய மண்டபம் கைதட்டியது.

எங்கள் கூடத்தில் யாரும் கைதட்டவில்லை. முனுசாமி என்பது நைனாவின் பெயர். கரும்புக் காட்டு மேஸ்திரிகள் 'டேய்' என்று மட்டும் கூப்பிட்டுப் பழகிய பெயர்.

பெரிய நைனா மறுபடி உட்கார்ந்தார். "சேகரு, இன்னொரு தபா போடுடா. புள்ள நடக்கறது வேணாம். எந்தம்பி பேரச் சொன்னாங்க பாரு, அத போடு."

போட்டேன். மறுபடி கேட்டார். மறுபடி போட்டேன். சாயங்கால பஸ் போய்விட்டது. அன்று ராத்திரி அவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார், அண்ணனும் தம்பியும் ஒரே பாயில் படுத்தார்கள். அடுத்த வருடம் அவருடைய பேத்தி நர்சிங் சேர்ந்தாள். பீஸ் கட்டப் போனது நைனா.

எனக்கும் பிறகு மென்பொருள் வேலையே கிடைத்தது, பெங்களூரில். ஏதாவது ஒரு நிரல் ஓடாமல் அடம்பிடிக்கும்போது போனில் நைனாவிடம் புலம்பினால், அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "பொட்டு கீதான்னு பாத்தியா?" இன்றைக்கும் வீடியோ காலில் அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே உறைந்து நின்றுவிட்டால், நைனா பதறுவதில்லை. தோளில் இருக்கும் துண்டை எடுத்துச் செல்போன் திரையை நிதானமாகத் துடைக்கிறார். எரிச்சலூட்டும் விஷயம் என்னவென்றால், பெரும்பாலும் அக்கா உடனே நகர ஆரம்பித்துவிடுகிறாள்.