இருபத்துமூன்று பேருக்கு மாலை

நான் கொலைகாரி. ஒரே காலையில், அதுவும் பள்ளிக்கூடத்தில் வைத்து, இருபத்துமூன்று பேரைச் சாகடித்திருக்கிறேன். அத்தனை பேரும் இன்றுவரை சௌக்கியமாக இருப்பதால்தான் நானும் வெளியில் நடமாடுகிறேன்.

அப்போது எனக்கு வயது இருபத்தைந்து. புதுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் இல்லாத ஜனமே இல்லை. அரியாங்குப்பத்துப் பிள்ளைகள், வங்காளிகள், மாகேயிலிருந்து வந்த மலையாளி, டைல்ஸ் வேலைக்கு வந்த ஜார்க்கண்ட்காரரின் மகன், பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள், நிஜப் பிரான்சிலிருந்தே வந்த ஒரு பெண். இவர்களை வைத்துச் சமாளிக்க, 'பன்முகப் பண்பாட்டுக் கல்வி' என்று இரண்டு நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். மதியச் சாப்பாடு பிரமாதம். அதைத் தவிர நினைவில் நின்றது ஒன்றுதான்: அடுத்தவர் பண்பாட்டைப் பிள்ளைகள் தாங்களே கவனித்துக் கற்க வேண்டும், ஆசிரியர் குறுக்கே போகக் கூடாது. (குறுக்கே போகாமல் சும்மா இருப்பது எனக்குக் கைவந்த கலை.)

திரும்பி வந்த வேகத்தில் ஒரு கண்காட்சி அறிவித்தேன். 'எங்கள் வீட்டு மனிதர்கள்.' ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் தனக்குப் பிடித்தவரின் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவர வேண்டும். கீழே அவரைப் பற்றி வீட்டு மொழியில் நாலு வரி. இருபத்திரண்டு படங்கள் சேர்ந்தன. அலங்காரப் பொறுப்பைக் கமீலிடம் கொடுத்தேன். அவள்தான் அந்தப் பிரான்சுப் பெண். அம்மா இங்கே பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில் இருந்தார். கமீல் நிறுத்தி நிதானமாகத் தமிழ் பேசுவாள்.

"நம்ம ஊர் வீடுங்கள்ல படத்துக்கு எப்படி அலங்காரம் பண்றாங்கன்னு பாரு. அதே மாதிரி செய். யாரையும் கேக்காத, நீயே கண்டுபிடி" என்றேன்.

"எல்லாப் படத்துக்கும் செய்யணுமா டீச்சர்?"

"ஒண்ணு விடாம செய்." (என் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க!)

கண்காட்சி அன்று அவளும் அவள் அம்மாவும் விடிந்ததும் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கிக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார்களாம். நான் ஆசிரியர் அறைக் கண்ணாடி முன்னால் நின்று, மனப்பாடம் செய்த மூன்று வரி பிரெஞ்சு வரவேற்புரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்குப் பெற்றோர்கள் கூடினார்கள். தாளாளர் ரிப்பன் வெட்டினார். கதவைத் திறந்ததும் குப்பென்று ஊதுபத்தி வாசனை.



ஒவ்வொரு படத்துக்கும் சாமந்தி மாலை. நெற்றியில் சந்தனம், குங்குமம். முன்னால் ஓர் அகல் விளக்கு, வாழைப்பழத்தில் செருகிய ஊதுபத்தி. ஒரு குறை சொல்ல முடியாது, அத்தனை கச்சிதம். சுவரில் எப்போதும் தொங்கும் தாளாளர் படத்தையும் அவள் விட்டுவைக்கவில்லை. அவருக்கு மட்டும் ரோஜா மாலை.

தாளாளர் தம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லக் கேட்டார். "எப்பம்மா ஆச்சி?"

"ஐயையோ! குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், எனக்குப் பொட்டு வெச்சி வெளக்கு ஏத்தியிருக்காங்களே!" என்று ஓர் அம்மா வயிற்றில் அடித்துக்கொண்டார். கமீலின் அம்மாவோ மாலை போட்ட தம் படத்துக்குப் பக்கத்தில் நின்று சிரித்தபடி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் வெறும் அசடு வழிதல். அப்போதுதான் ரோசலின் அக்கா உள்ளே வந்தார். ரெட்டியார்பாளையத்துக்காரர், என் மாணவி ஒருத்தியின் அம்மா. அவர் கணவர் ஆல்பேர், எங்கள் ஊர்ப் பாஷையில் 'சொல்தா', அதாவது பிரெஞ்சு ராணுவ வீரர். வெளிநாட்டில் இருந்தார். நாலு நாளாகப் போன் இல்லை. சீருடையில் சிரிக்கும் அவர் படத்தை மகள் கொண்டுவந்திருந்தாள். அதற்கும் மாலை, அதற்கும் விளக்கு.

அக்கா கத்தவில்லை. அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். "ஊருக்கே சொல்லிட்டு எனக்கு மட்டும் ஏன் சொல்லல?" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. மகள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தேன். பதற்றத்தில் வந்தது மூன்று வரி பிரெஞ்சு வரவேற்புரை. உங்கள் வருகையால் பெருமகிழ்ச்சி அடைகிறோம் என்று முழுதாகச் சொல்லி முடித்தேன். (அக்காவுக்கு அவ்வளவாகப் பிரெஞ்சு தெரியாது. நான் பேசியதும் பிரெஞ்சு இல்லை.) பிரெஞ்சு அரசாங்கத்தின் இரங்கல்தான் வந்துவிட்டது என்று நினைத்துப் பாவம், அக்கா பெரிதாக அழுதார்.

தாளாளர்தான் அக்காவின் போனைப் பிடுங்கி, ஆல்பேர் எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. படத்தில் மாலை விழுந்த நேரத்தில் அங்கே நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால்? மூன்றாம் முறை யாரோ எடுத்தார்கள். அங்கே இன்னும் விடியவில்லை.

"யாருடி செத்துட்டா, இந்நேரத்துல போன் பண்ற?"

"நீதான்யா!" என்று அக்கா போட்ட சத்தம் கடற்கரை வரை கேட்டிருக்கும்.

"யார் செஞ்ச வேலை இது?" என்று தாளாளர் திரும்பினார். கமீல் மெதுவாகக் கையைத் தூக்கினாள். முகம் வெளுத்திருந்தது. "எதிர் வீட்டுல தாத்தா படத்துக்குத் தினமும் பூ போடுறாங்க. ரொம்பப் பிடிச்சவங்களுக்குப் போடுவாங்கன்னு நினைச்சேன்" என்றாள். பழி அவள் மேலேயே இருக்கட்டும் என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. (என் பண்பாட்டுக் கல்வியின் லட்சணம் அவ்வளவுதான்.) பிறகு வெட்கம் பிடுங்கித் தின்ன, "நான்தான் சார் செய்யச் சொன்னேன்" என்றேன். அழுது வீங்கிய முகத்தோடு ரோசலின் அக்கா எழுந்து போய், கமீலை இழுத்து அணைத்துக்கொண்டார்.

ஆல்பேர் இப்போது ஓய்வு பெற்று ரெட்டியார்பாளையத்திலேயே இருக்கிறார். பிரெஞ்சு ஓய்வூதியத்துக்காக, வருடா வருடம் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிய கையோடு தம்பதி இருவரும் என் வீட்டுக்கு வருவார்கள். வெள்ளைத்தாளில் அக்காவே எழுதிய இன்னொரு சான்றிதழை என்னிடம் நீட்டுவார்.

"அவங்க போட்டா பணம் வரும் டீச்சர். நீங்க போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

ஆல்பேர் வாசலில் விறைப்பாக நிற்பார். நான் அவரை மேலும் கீழும் பார்த்து, மூச்சு விடுகிறாரா என்று சோதித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன்.