முழுவதும் பார்த்தவர்கள்

பேராசிரியரின் காணொளிப் பாடங்கள் எல்லாம் இறுதிவரை பார்க்கப்பட்டிருந்தன. வகுப்பிலோ ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"தலைவி தோழிகிட்ட சொல்லாம மேகத்துகிட்ட ஏன் சொல்றா?" என்று அன்று கேட்டார்.

மேகத்தைத் தேடுவதுபோல் வகுப்பு கூரையை அண்ணாந்து பார்த்தது. கடைசி வரிசையில் ஒருவன் மட்டும் எழுந்து, "தோழி அன்னிக்கு லீவு சார்," என்றான்.

பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் புத்தாக்க மையம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். இனிப் பாடத்தை வீட்டில் காணொளியாகப் பார்த்துவிட்டு வரவேண்டும். வகுப்பில் விவாதம் மட்டுமே. காணொளிகள் இணையதளத்தில் எவரும் காணத் திறந்து கிடந்தன. இறுதிவரை பார்க்க ஆளில்லாத பாடம் பருவ முடிவில் நீக்கப்படும் என்பது மையத்தின் விதி. பேராசிரியர் நடத்தும் பழம்பாடல் நீக்கப்பட்டால் அவர் அலுவலகக் கடிதம் எழுதும் முறையைக் கற்பிக்க வேண்டியிருக்கும். முப்பொழுதும் செய்யுளை ஓதிய நாவால் 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று ஓதுவதா?

நல்லவேளையாக, பல்கலைக்கழகத்திலேயே அவர் பாடங்கள்தாம் முதலிடத்தில் நின்றன. மாணவர்கள் தமக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்திருப்பதை அறிந்தவர் ஆதலால் அவருக்கே வியப்பு. காணொளிக்குக் கீழே முகமறியாதவர்கள் எழுதிய குறிப்புகளோ கல்லையும் கனிவிக்கத்தக்கவை. 'ஆண்டவன் உங்களை நல்லா வெச்சிருக்கணும்' என்றது ஒன்று. 'முதல் தடவை பலிக்கலை. மறுபடி போட்டேன், பலிச்சது' என்றது மற்றொன்று. செய்யுள் பயில்வோரின் பொறுமையை எண்ணி அவர் கண் கசிந்தார்.

எனினும் மனம் அமைதி கொள்ளவில்லை. பார்த்தும் விளங்கவில்லை என்றால் குற்றம் சொன்னவனுடையது அன்றோ?

இரவு உணவின்போது மனைவியிடம் முறையிட்டார். அந்த அம்மையார் வானொலியில் செய்தி வாசிப்பவர். உலகமே கவிழ்ந்தாலும் மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்கும் பயிற்சி உடையவர்.

"என்னங்க, நீங்க ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா, நான் எழுந்து போய்த் துணி மடிச்சு வெச்சுட்டு வந்து மிச்சத்தைக் கேக்கலாம். கொஞ்சம் குரலை ஏத்தி, வேகமா பேசுங்க."

அவ்வாறே அடுத்த பாடத்தில் போர்க்களத்தைப் பாடும் பகுதியை இடி முழக்கமாக முழங்கினார். பாதியிலேயே பலர் கழன்றுகொண்டார்கள்.

மகளிடம் போனார். அவள் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "நடுநடுவுல கேள்வி கேளுங்கப்பா. கேள்விக்கு முன்னாடி மணி அடிங்க, கவனம் வரும்," என்றாள்.

பூசை அறையில் இருந்த வெண்கல மணியை எடுத்துவந்து, பாட்டுக்கு ஒருமுறை கணீரென்று அடித்தார். ஆண்டவன் முன் ஒலித்த மணி செய்யுளின் முன்னும் ஒலிப்பது தகும் என்றே கருதினார். அந்தக் காணொளியை இறுதிவரை பார்த்தவர் எவரும் இலர். குறிப்புகளும் நிறம் மாறிவிட்டன. 'உங்களுக்கு மனசாட்சி இருக்கா?' 'மணி எதுக்குய்யா மணி?' 'நீங்களும் ஒரு தகப்பன்தானே?'

கடைசிக் குறிப்பு அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் தூய செய்யுளின் மீது மக்களுக்கு இத்துணைப் பற்றா என்று நெகிழ்ந்து, மணியை விடுத்து மாணவர் தலைவனின் யோசனைப்படி மேளம் சேர்த்தார். அத்துடன் பழம்பாடல் பட்டியலின் அடிக்கே போய்ச் சேர்ந்தது.

மைய இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். அறைக்கு வெளியே அவருடைய உதவியாளர் அமர்ந்திருந்தார். நீண்ட விடுப்புக்குப் பின் அண்மையில்தான் வேலைக்குத் திரும்பியவர். கண்ணுக்குக் கீழே கருவளையம். வழக்கமாகப் பேராசிரியரைக் கண்டதும் எழுந்து கும்பிடுகிறவர், அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டாவி விட்டார்.

"ஒரே ஒரு பாடம் பாக்கி இருக்கு சார். அதையும் யாரும் பாக்கலைன்னா, அடுத்த பருவம் நீங்க கடிதம் சொல்லித்தர வேண்டியதுதான்," என்றார் இயக்குநர்.

பேராசிரியர் வீட்டுக்கு வந்தார். இனி இழக்க ஒன்றுமில்லை என்றான பின் மணியும் மேளமும் எதற்கு? மூலையில் மறந்துபோன விளக்கு ஒன்று மங்கலாக எரிய, தமக்கு மிகப் பிடித்த நெய்தற் பாட்டை எடுத்துக்கொண்டார். கடல் ஓய்கிறது, புள் அடங்குகிறது, தலைவி ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். ஒவ்வோர் அடியையும் தாழ்ந்த குரலில் இருமுறை இசைத்து, அதற்கு உரை சொல்லி, உரைக்கும் ஓர் உரை சொல்லி, விடைபெறுவதுபோல் முடித்தார்.

அந்தப் பாடம் பல்கலைக்கழகத்தின் முந்தைய கணக்குகளையெல்லாம் மூழ்கடித்தது. பார்த்தவர்கள் மறுநாளும் பார்த்தார்கள். அதற்கடுத்த நாளும் பார்த்தார்கள்.

இயக்குநர் வாயில்வரை வந்து கையைப் பற்றினார். "பழம்பாடலை இனி யாராலயும் அசைக்க முடியாது சார். உங்க முறையை மத்தவங்களுக்கும் நீங்க சொல்லித்தரணும். என்னதான் ரகசியம்?"

"ரகசியம்னு ஒண்ணும் இல்ல. செய்யுள் தன் வேலையைத் தானே செய்யும். நாம குறுக்க நிக்காம இருந்தா போதும்," என்றார் பேராசிரியர், நெஞ்சு நிமிர்ந்து.

வெளியே வந்ததும் உதவியாளர் எழுந்து நின்று கும்பிட்டார். கருவளையம் மறைந்து முகம் தெளிந்திருந்தது.

"நீங்களும் பாத்தீங்களாம்மா?" என்று கனிவோடு கேட்டார் பேராசிரியர்.

"தினம் ரெண்டு வேளை போடறேன் சார். இனிமே அந்த மணியை மட்டும் அடிச்சிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எங்க தாய்மார் குழுவுல அத்தனை பேர் கைக்குழந்தையும் உங்க குரலைக் கேட்டாத்தான் தூங்குது."