மடுவத்தில் ஒரு மாதிரிப் பாடம்

இணையத்தில் ஆசிரியர்களுக்கென்று எங்காவது ஓர் இலவச வகுப்பு தொடங்கினால், அதை நடத்துகிறவருக்குத் தெரிவதற்கு முன்பே எங்கள் வெபினார் டீச்சருக்குத் தெரிந்துவிடும். அம்மா அப்பா வைத்த பெயர் வரவுப் பதிவேட்டில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக்கு அவர் வெபினார் டீச்சர்தான்.

கொட்டகலைக்கு மேலே, மேகம் ஜன்னல் வழியாக வந்து முதல் வரிசையில் உட்காரும் பள்ளிக்கூடம் எங்களுடையது. பனி உண்டு, அட்டை உண்டு, சிக்னல் கிடையாது. அது கிடைக்கும் ஒரே இடம், கொழுந்து நிறுக்கும் தகரக் கொட்டகையான மடுவத்தில் தராசை ஒட்டிய தூண். பள்ளி விட்டதும் டீச்சர் குடையோடு அங்கே போய் நிற்பார். காதில் வெளிநாட்டு விரிவுரை, காலில் உள்நாட்டு அட்டை. இரண்டையும் உதறமாட்டார்.

கற்றதை மறுநாள் காலையிலேயே இறக்கிவிடுவார். கேள்வி கேட்டதும் பதிலுக்கு அவசரப்படாதீர்கள், காத்திருங்கள் என்று ஒரு வெபினாரில் சொல்லிவிட்டார்கள். சோதனை, பக்கத்து அறையில் தமிழ் நடத்தும் என்மேல்.

"சேர், டீ குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேங்க டீச்சர்."

"மொத பதில் அவசரத்துல வர்றது. நல்லா யோசிச்சு சொல்லுங்க."

யோசித்தேன். கோப்பையும் அவர் கையிலேயே யோசித்தது. ஆறிப்போன டீயைக் கொடுத்து, "இப்பதான் சேர் ஆழமா சொல்லியிருக்கீங்க" என்று பாராட்டினார்.

இன்னொரு வெபினார், வகுப்பைவிட்டு வெளியேறுகிறவர் அன்று கற்ற ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்றது. ஆசிரியர் கூட்டம் முடிந்தபோது வாசலை மறித்து நின்றார். முதலில் மாட்டியவர் பள்ளி அதிபர்.

"என்னம்மா இது? முழுக்க நான்தானே பேசினேன். நான் என்னத்த படிக்கிறது?"

"அதத்தான் சேர் நானும் யோசிக்கிறேன்."

அதிபர் பின்கதவு வழியாகப் போனார். அந்தக் கதவு திறக்கும் என்பதை அன்றுதான் எல்லோரும் கற்றோம்.

இத்தனை கூத்துக்கும் அடியில் ஒரு தவிப்பு இருந்தது. மூன்றாம், நான்காம் தரம் என்று இரண்டு வகுப்புக்கும் அவர் ஒருவர்தான், ஒரே அறையில். இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் சந்தையாகிவிடும். "ஒரு பக்கம் வெளக்க ஏத்துனா மறுபக்கம் அணைஞ்சிருது சேர்" என்பார்.

ஒரு நாள் மடுவத்திலிருந்து ஓடி வந்தார். ஒரே அறையில் இரண்டு தரங்களுக்கும் சேர்த்துக் கற்பிப்பது எப்படி என்று ஒரு வழிகாட்டி கூடவே இருந்து சொல்லித்தரும் இணையப் பயிற்சி. இடங்கள் கொஞ்சம். பிள்ளைகளோடு பத்து நிமிட நேரடிப் பாடம் நடத்திக் காட்டவேண்டும். ஒரே ஒரு வாய்ப்பு.

"இது கெடைக்கலன்னா, காலம் பூரா நான் பாதி டீச்சருதான் சேர்."

அவர் சிரிக்காமல் பேசி அப்போதுதான் பார்த்தேன்.

குறித்த நாளில் இரண்டு வகுப்பும் வரிசையாக மடுவத்துக்கு இறங்கின. ஃபோன் பிடிக்கும் உத்தியோகம் எனக்கு. நிறுவைக்கு இன்னும் நேரமிருந்தது. மடுவம் காலியாக இருக்கும் என்பது டீச்சரின் கணக்கு. மழை இருட்டிக்கொண்டு வந்ததால் கணக்கப்பிள்ளை நிறுவையை முன்னதாகவே வைத்துவிட்டார். திரையில் வழிகாட்டி அம்மாள் வணக்கம் சொன்ன நேரம் பார்த்து, கொழுந்துக் கூடைகளோடு மலையே இறங்கி உள்ளே வந்தது. வந்த பெண்களில் பாதிப் பேர் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள்.

டீச்சர் ஒரு முழு ரொட்டியைத் தூக்கிக் காட்டினார். இரண்டாகப் பிய்த்தார். மூன்றாம் தரத்துக்கு எளிய கேள்வி. கூட்டமாகப் பதில் வந்தது. பிறகு நான்காம் தரத்தில் வாயே திறக்காத சுபாஷினி பக்கம் திரும்பினார்.

"இந்தப் பாதிய இன்னொரு தடவ சரிபாதியா பிச்சா, ஒரு துண்ட என்னன்னு சொல்லுவோம்?"

சுபாஷினி ரொட்டியைப் பார்த்தாள். பின்னாலிருந்து அவள் அம்மா வெடித்தார்.

"தெனமும் திங்கிறியேடி, சொல்லேன்!"

"ரெண்டுன்னு சொல்லு புள்ள!" என்றது ஒரு கூடை.

"சும்மா இரு அக்கா, ரெண்டு இல்ல, மூணு!" என்றது இன்னொன்று.

கணக்கப்பிள்ளை தராசிலிருந்து கத்தினார். "டீச்சர், மழ வந்திருச்சு! வெள்ளன முடிங்க!"

டீச்சர் கையை உயர்த்தினார். "ஐயா, புள்ள யோசிக்குது. யாரும் பேசாதீங்க."

மடுவம் அடங்கியது. தராசுக் கொக்கியில் ஒரு சாக்கு பாதியில் தொங்கியது. கணக்கப்பிள்ளை அதைக் கட்டிப்பிடித்தபடி சிலையானார். தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. சுபாஷினி எழுந்து வந்தாள். டீச்சர் கையிலிருந்த பாதியை வாங்கிப் பிய்த்தாள். துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சரிபார்த்தாள்.

"கால் ரொட்டி, டீச்சர்."

மடுவம் அதிர்ந்தது. அவள் அம்மா கூடையோடு குதித்ததில் எங்கள் தலையெல்லாம் கொழுந்து. வானமும் உடைத்துக்கொண்டது. சிக்னல் போனது.

டீச்சர் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்தார். "போச்சு சேர். சந்தக்கடைன்னு நெனச்சிருப்பாங்க."

சில நாட்கள் அவர் தூண் பக்கமே போகவில்லை. கடைசியில் நான்தான் அவருடைய ஃபோனை வாங்கிக்கொண்டு போய் நீட்டிப் பிடித்தேன். செய்தி வந்து விழுந்தது: இடம் கிடைத்துவிட்டது. கூடவே வழிகாட்டி அம்மாள் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார்: பின்னால் கூடை மாட்டிக்கொண்டு நின்ற மூன்றாவது வகுப்பு எந்தத் தரம்?

இப்போது அந்த அறையில் நான்காம் தரம் மூன்றாம் தரத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறது, மூன்றாம் தரம் எதிர்க்கேள்வி கேட்கிறது. நடுவே டீச்சரின் சிரிப்பு. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் தமிழ் நடத்துகிறேன். செய்யுளுக்கு நடுவே வாய்ப்பாடு வந்து விழும். போய்ச் சண்டை போட்டிருக்கிறேன்.

போன வாரம் காய்ச்சல் என்று அவர் வரவில்லை. பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நிம்மதியாகப் புத்தகத்தைத் திறந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து முன்வரிசைப் பிள்ளை ஒன்று மெதுவாகக் கேட்டது.

"சேர், ஏன் சொவத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"