நார்மன் இளைத்த கதை

டாக்டர் வாசலை மிதிப்பதில்லை என்று நான் முடிவெடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது. என் அண்ணன் கென் இருமலுக்கு மருந்து வாங்கப் போனான். ஆறே வாரத்தில் அவனைப் பெட்டியில் வைத்துத் தூக்கினோம். போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் இருமிக்கொண்டாவது இருந்திருப்பான். இதற்கு என்ன பதில் சொல்வதென்று என் மனைவி ராலீன் பதினோரு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் என் பாம்புக்கு ஒன்று என்றால் அது வேறு விஷயம்.

நார்மன் மூன்று மீட்டர் மலைப்பாம்பு. வளர்ப்பதற்கு அரசாங்க லைசென்ஸ் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில், பெண்டிகோ ஆட்டுச் சந்தையில் முப்பது வருடம் எடை போடும் வேலை பார்த்துவிட்டு ரிட்டயர் ஆனேன். அன்று வீட்டுக்கு நான் தனியாக வரவில்லை, நார்மனோடு வந்தேன். ராலீன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஃப்ரீசரில் பட்டாணிக்கு ஒரு தட்டு, நார்மனின் முயல்களுக்கு ஒரு தட்டு என்று பாகம் பிரித்துக் கொடுத்தாள்.

இந்த ஏப்ரலில் நார்மன் சாப்பாட்டை நிறுத்தினான். முயலை எடுத்து, உருகவைத்து, வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, இடுக்கியில் பிடித்து அவன் மூக்குக்கு முன்னால் ஆட்டினேன். கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மூணாவது வாரம், ராலீன். மோந்துகூடப் பார்க்க மாட்டேங்கறான்."

"நீயும்தான் என் சமையலை மோந்து பார்க்கறதில்லை."

"அவன் பட்டினி கிடக்கும்போது எனக்கு எப்படித் தொண்டையில இறங்கும்?"

"அவன் ஏப்ரல்ல ஆரம்பிச்சான். நீ பிப்ரவரியிலயே ஆரம்பிச்சுட்ட."

பெண்களுக்குத் தேதி ஞாபகம் அதிகம். இறைச்சி நெஞ்சுக்குள் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. கசாப்புக்காரர் இப்போதெல்லாம் கிழட்டு ஆட்டைத் தள்ளிவிடுகிறார், அவ்வளவுதான். கால்சட்டையும் முன்பு மாதிரி தைப்பதில்லை. பெல்ட்டில் ஆணியை வைத்து இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டேன்.

"அவ்வளவு கவலையா இருந்தா வாராவாரம் எடை பார்த்து எழுதி வை," என்றாள் ராலீன். தானே ஒரு நோட்டும் வாங்கி வந்தாள்.

"குளியலறைத் தராசுல மூணு மீட்டர் பாம்பு எப்படி நிக்கும்?"

"நீ தூக்கிக்கிட்டு ஏறு. வர்றதுல உன் எடையைக் கழிச்சுடு."

"என் எடை தொண்ணூத்தொண்ணு. ரிட்டயர் ஆன அன்னிக்குப் பார்த்தது. ஒரு மனுஷனுக்குத் தன் எடை தெரியாதா?"

"தெரியும், தெரியும். தொண்ணூத்தொண்ணுன்னே வச்சுக்கோ."

முப்பத்தாறு வருடத்தில் நான் சொன்ன ஒரு விஷயத்தை அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு நார்மனைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். நூற்றொன்று. என்னைக் கழித்தால் பத்து. போன வருடம் அவன் பன்னிரண்டு கிலோ! அடுத்த ஞாயிறு ஒன்பது. அதற்கடுத்து எட்டு. பார்வைக்கு எப்போதும்போல உருண்டு திரண்டுதான் இருந்தான். ஆனால் தராசு பொய் சொல்லாது. முப்பது வருடம் அதை நம்பித்தான் சோறு தின்றேன். வெளியே பாம்பு, உள்ளே வெறும் காற்று என்று முடிவுகட்டினேன்.

"எவ்வளவு?" என்று ராலீன் சமையலறையிலிருந்து கேட்பாள்.

"ஏழரை."

ஒரு பாத்திரம் சத்தமாகக் கீழே விழும்.

மே மாதக் கடைசியில் ஓர் அதிசயம். நார்மன் முயலை விழுங்கினான்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு தராசுக்கு ஓடினேன். முள் ஏறியிருக்கிறதா என்று அன்றைக்கே மூன்று தடவை பார்த்தேன். மறுநாள் காலையில் அந்த முயல் முழுசாக என் செருப்பின்மேல் வந்து விழுந்தது. ஊறிப்போன, ரோமம் கழன்ற முயல். அந்த நாற்றத்தில் நானும் துணைக்கு வாந்தி எடுத்தேன்.

ராலீன் வாளியும் துணியுமாக வந்தாள். பாம்பு கக்கியதை ஒரே இழுப்பில் துடைத்தாள். நான் கக்கியதன் முன்னால் மட்டும் முட்டிபோட்டபடி கொஞ்ச நேரம் இருந்தாள்.

"என்ன பார்க்கற?"

"கறுப்பா இருக்கு."

"காப்பி குடிச்சேன்."

"நீ காப்பி குடிச்சு ஒரு மாசமாச்சு, மெர்வ்."

ஜூன் கடைசி ஞாயிறு, எங்கள் ஊரில் நடுக்குளிர்காலம். தராசில் தொண்ணூற்று நான்கு. நார்மன் மூன்று கிலோ. நோட்டில் எழுதினேன். இன்னும் மூன்று வாரம் போனால் பாம்பு பூஜ்யத்துக்கு வந்துவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

"நாளைக்குக் காலையில பாம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்," என்றாள் ராலீன் கதவுக்கு வெளியிலிருந்து. "நீயும் வரணும்."

"நான் வராம? அவன் என் பிள்ளை!"

பாம்பு டாக்டர் சின்னப் பெண். பெயர் பெத்தனி. நார்மனின் வாயைத் திறந்து பார்த்தாள், வயிற்றைத் தடவிப் பார்த்தாள், பெரிய தராசில் வைத்தாள்.

"பன்னெண்டு கிலோ. நல்லா இருக்கான். குளிர்காலத்துல இவங்க சாப்பாட்டை நிறுத்தறது சகஜம்தான், வெயில் வந்ததும் தானா கேப்பான். தின்ன உடனே யாராவது தூக்கினீங்களா?"

"கொஞ்சம்," என்றேன்.

"அதான் கக்கிட்டான். தின்னா நாலஞ்சு நாளைக்குக் கையே வைக்கக் கூடாது. சரி, மூணு கிலோன்னு யார் சொன்னது?"

நோட்டைப் பெருமையாக நீட்டினேன். கணக்கை விளக்கினேன். அவள் நோட்டைப் பார்த்தாள். பிறகு என் பெல்ட்டைப் பார்த்தாள். பிறகு ராலீனைப் பார்த்தாள். மூடிய நோட்டை என்னிடம் கொடுக்காமல் அவளிடம் கொடுத்தாள்.

காரை ராலீன் ஓட்டினாள். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"ஞாயித்துக்கிழமை நீ எடை பார்த்துட்டு டீ குடிக்கப் போவ இல்ல? அப்ப நான் அவனைத் தலையணை உறையில போட்டு உன் மீன் தராசுல தொங்கவிடுவேன். பன்னெண்டு. அடுத்த வாரமும் பன்னெண்டு. அவன் மாறவே இல்லை, மெர்வ்."

நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன்.

"தொண்ணூத்தி நாலுல பன்னெண்டு போனா எவ்வளவு? நீதானே சந்தையிலயே பெரிய எடைக்காரன். சொல்லு."

"எண்பத்திரெண்டு."

சந்தையில் உடம்பு பத்தில் ஒரு பங்கு இறங்கிய ஆட்டை மூலையில் தனிப் பட்டியில் ஒதுக்குவோம். நானே கதவைத் திறந்து உள்ளே தள்ளியிருக்கிறேன். அந்தப் பட்டியிலிருந்து எந்த ஆடும் மேய்ச்சலுக்குத் திரும்பிப் போனதில்லை. எனக்குப் பயம் வந்தது.

"இதை என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலையா? ரெண்டு தடவை டாக்டர்கிட்ட நேரம் வாங்கினேன். ரெண்டு தடவையும் தூண்டிலை எடுத்துக்கிட்டுப் போயிட்ட. மீனே இல்லாத ஏரிக்கு! எனக்காக நீ தராசுல ஏற மாட்ட. அவனுக்காக ஏறுவ. அதான் ஏத்தினேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரை மாற்றினாள்.

கார் நின்றது. மனுஷ டாக்டரின் வாசல். நான் சீட்பெல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"நான் இறங்கப் போறதில்லை."

"நீ இறங்க வேண்டாம். ஆனா நார்மனைக் கார்ல விட முடியாது. இந்தக் குளிர்ல அவனுக்குச் செரிமானம் மொத்தமா கெட்டுடும்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

என் பிள்ளையைத் தனியாக விடுவேனா? பின்னாலேயே ஓடினேன். உள்ளே ஒரு நர்ஸ் எங்களுக்காகவே காத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் உடனே பார்க்கணும்னு சொன்னார். வாங்க, தராசுல ஏறுங்க."

"மன்னிக்கணும். நான் ஏறறதில்லை."

"ரெண்டு செகண்ட் வேலைதான்."

"ரெண்டு வருஷமானாலும் ஏற மாட்டேன்."

நர்ஸ் திகைத்து நின்றாள். ராலீன் பெட்டியைத் திறந்தாள். தலையணை உறையோடு நார்மனை எடுத்து என் கையில் கொடுத்தாள். இரண்டு மாதப் பழக்கம், என்ன செய்வது? கால் தானாகத் தராசில் ஏறிவிட்டது.

"தொண்ணூத்தி நாலு," என்று படித்தாள் நர்ஸ்.

"அதுல பன்னெண்டைக் கழிச்சுக்கோம்மா," என்றாள் ராலீன். "மீதி இருக்கறதுதான் என் புருஷன்."